எடு, வை: போன் கற்றுத்தரும் தமிழ் பற்றிச் சில குறிப்புகள்

ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு விற்கிற பட்டன் போன் பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு தாள் இருக்கும். சார்ஜரை எடுக்கும்போது கூடவே வந்து விழும். பெரும்பாலான வீடுகளில் அடுத்த நிமிஷமே பெட்டியோடு பரணுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட ஆறு தாள்களை நான் சேர்த்து வைத்திருக்கிறேன். (வீட்டில் இதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது தனிக்கதை.) ஒரு புத்தகத்தை விமர்சிக்கும்போது யாருக்காக எழுதியது, எங்கே தொடங்குகிறது, எதை விட்டுவிடுகிறது என்று கேட்போம் இல்லையா? அந்தக் கேள்விகளை இந்தத் தாளிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். தாளோடு நிற்கவில்லை. போன் திரையில் ஓடுகிற தமிழ், அரசாங்கப் பயிற்சி, வீட்டுப் பேரப்பிள்ளைகளின் டியூஷன் என்று விஷயம் நீண்டுவிட்டது.

பின்னணி இது: ஒன்றரை வருஷமாக சனிக்கிழமை மதியங்களில் எங்கள் தெருக்கோடி மண்டபத்தில் ஒன்பது பேருக்கு போன் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எல்லோரும் பெண்கள், ஐம்பத்தைந்துக்கு மேல். ஆறு பேர் வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள். நாலு பேருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஒருவர்கூட ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் இல்லை. ஆனால் ஒன்பது பேருக்கும் எண் தெரியும். பஸ் நம்பர், ரேஷன் அளவு, கூலிக் கணக்கு எதிலும் அவர்களை ஏமாற்ற முடியாது. இதை ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நோட்டில் எழுதி வைத்ததைத்தான் இங்கே தருகிறேன்.

முதலில் தாள். ஆறில் நான்கு, பேட்டரியைத் தீயில் போடாதே என்ற எச்சரிக்கையோடு தொடங்குகின்றன. அடுத்தது கதிர்வீச்சு அளவு: ஒரு கிராம் திசுவுக்குச் சராசரியாக கிலோவுக்கு 1.6 வாட். இந்த உச்சவரம்பு இந்தியாவில் 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, அச்சிட்டுத்தான் ஆக வேண்டும், தப்பில்லை. பிறகு சிம் போடுவது எப்படி என்று படம். நம் ஊரில் சிம்மை எப்போதும் கடைக்காரர்தான் போட்டுக்கொடுக்கிறார். அப்புறம் ஆன் செய்வது, மொழி மாற்றுவது, தேதி வைப்பது. போனை எடுத்துப் பேசுவதற்கு இரண்டாம் பக்கத்தின் கீழே இரண்டு வரி. பேசி முடித்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரே வரி.

மண்டபத்தில் முதல் நாள் என்னிடம் வந்த கேள்விகளின் வரிசை வேறு. "யாரு கூப்புடுறான்னு எப்புடித் தெரியும் தம்பி?" இது முதல் கேள்வி. "பேசி முடிச்சதும் வச்சிட்டோமா இல்லையான்னு எப்புடித் தெரியும்?" இது இரண்டாவது. மகளிடம் பேசிவிட்டு போனை அப்படியே ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, மருமகளைப் பற்றி அரைமணி நேரம் பக்கத்து வீட்டில் பேசியதெல்லாம் லைனில் போய், அதனால் தீபாவளிக்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பம் ஒன்று எங்கள் தெருவிலேயே இருக்கிறது. அதனால் அந்த இரண்டாவது கேள்வியைச் சின்னதாக நினைக்காதீர்கள். தாள் கருவியிலிருந்து தொடங்குகிறது, கற்கிறவர் தன் பயத்திலிருந்து தொடங்குகிறார். நான் பார்த்த தாள் எதிலும் இந்த இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

அடுத்து, திரையில் இருக்கிற தமிழ். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

போன் அடித்தால் நாம் என்ன சொல்வோம்? "எடு." பேசி முடித்தால்? "வச்சிடட்டுமா?" "சரி, வை." ரிசீவரைக் கையில் எடுத்து, திரும்பத் தாங்கியில் வைத்த காலத்துச் சொற்கள் இவை. ரிசீவர் போய்விட்டது, சொல் அப்படியே நிற்கிறது. லேண்ட்லைன் பார்க்காத பத்து வயசுப் பையனும் "போனை வை"ன்னுதான் சொல்கிறான். இரண்டும் ஓரிரு எழுத்துச் சொற்கள், எந்தப் பட்டனிலும் அடங்கும், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் ஒரு மூச்சில் வரும். ஆனால் நான் பார்த்த போன்களில் பச்சைக்கு மேலே "பதிலளி" என்றும் சிவப்புக்கு மேலே "நிராகரி" என்றும்தான் இருக்கிறது. பதிலளிப்பது பரீட்சையில் செய்வது. நிராகரிப்பது தாலுகா ஆபீசில் நடப்பது. முதியோர் உதவித்தொகை மனு இரண்டு தடவை நிராகரிக்கப்பட்ட ஒரு பெரியம்மாவிடம் அந்தச் சொல்லைப் படித்துக் காட்டினேன். "நம்ம எதுக்குத் தம்பி மத்தவங்கள நிராகரிக்கணும்?" என்றார். சிவப்பை அமுக்கவே மாட்டேன் என்று இரண்டு வாரம் பிடிவாதம்.

"தவறிய அழைப்பு" இன்னும் மோசம். எங்கள் பக்கம் ஒருவர் தவறிட்டார் என்றால் செத்துப்போனார் என்று அர்த்தம். திரையில் அண்ணன் பேருக்குப் பக்கத்தில் "தவறிய" என்று வந்ததைப் படித்துவிட்டு ஒருத்தர் பதறி அடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் முதல் சொல்லைத்தான் பிடிப்பார், இரண்டாவது சொல்லுக்குள் கண் கலங்கிவிடுகிறது.

அதைவிட ஆழமான கோளாறு ஒன்றும் இதில் இருக்கிறது. நம்மூரில் மிஸ்டு கால் என்பது தவறுவதே இல்லை, அது கொடுப்பது. "வந்து சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு." இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31ல் நடந்தது. 2003 வரை வருகிற அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. அது போன பிறகும் கூப்பிடுகிறவர் பாக்கெட்டில் பத்து ரூபாய் ரீசார்ஜ்தான். அப்போது, எடுக்கக் கூடாது என்பதற்காகவே அடிக்கிற அழைப்பை மக்கள் ஒரு தந்தி மாதிரி பயன்படுத்தினார்கள். ஒரு ரிங் என்றால் பஸ் ஏறிட்டேன், இரண்டு ரிங் என்றால் நீ கூப்பிடு. இப்போது பேசுவது கிட்டத்தட்ட இலவசம் ஆன பிறகும் வினைச்சொல் மாறவில்லை. ஆங்கிலத்தில் இருந்த "மிஸ்டு" என்பதை அகராதி வைத்து மாற்றிப் போட்டவருக்கு, அந்தச் செயலையே தமிழர்கள் தலைகீழாகத் திருப்பி வைத்திருப்பது கண்ணில் படவில்லை.

"தொடர்புகள்" பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "புதிய தொடர்பைச் சேர்" என்று ஒருத்தர் உரக்கப் படித்ததும் மண்டபமே சிரித்தது. அறுபது வயசில் புதுத் தொடர்பா என்று கிண்டல். "அமைப்புகள்" என்றால் அவர்களுக்கு சங்கம், கட்சி, மகளிர் குழு. நியாயமாகச் சொன்னால் எல்லாமே மோசமில்லை. "முகப்பு" அருமையான சொல். வீட்டு முகப்புக்குத் திரும்பி வா என்றால் உடனே புரிகிறது. "அழி"யும் புரிகிறது, கொஞ்சம் அதிகமாகவே புரிகிறது. அந்தப் பட்டன் பக்கமே போகப் பயப்படுகிறார்கள்.

இந்த இடத்தில் இரண்டு பக்கமும் எனக்கு அடி விழும், தெரியும். அப்போ எல்லாத்தையும் "செட்டிங்ஸ்", "காண்டாக்ட்ஸ்" என்று போட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். அதுவும் என் கட்சி இல்லை. "சார்ஜ் ஏத்து", "டவர் இல்ல", "பேலன்ஸ் தீந்துபோச்சு", "கட் பண்ணு" என்று இவர்கள் பேசுவதில் ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன, ஆனால் வினை பெரும்பாலும் தமிழில் நிற்கிறது. ஏத்து, போடு, எடு, வை, குடு. பட்டனில் எழுத வேண்டியது வினை. கைப்பேசியா அலைபேசியா செல்பேசியா என்று பெயர்ச்சொல்லுக்கு நாம் இருபது வருஷம் சண்டை போட்டோம், வினைச்சொல்லை யாரும் கவனிக்கவில்லை என்பது என் குற்றச்சாட்டு.

வினைச்சொல் பிரச்சினை விரலிலும் இருக்கிறது. பட்டன் போனில் அமுக்க வேண்டும். தொடுதிரையில் தொட்டால் போதும், அமுக்கிப் பிடித்தால் வேறு ஏதாவது திறக்கும். என்னிடம் இருக்கிற தொடுதிரைப் போன் தாள் ஒன்றில் இரண்டுக்கும் "அழுத்தவும்" என்றே போட்டிருக்கிறது. முப்பது வருஷம் களை பறித்த கை, அழுத்து என்றால் நிஜமாகவே அழுத்தும். திரையில் இருந்த படம் நகர்ந்து எங்கோ போய்விடும், "போன் கெட்டுப்போச்சு" என்று கொண்டு வருவார்கள். காய்ப்பு ஏறிய, காய்ந்த விரலைத் திரை சரியாக உணர்வதும் இல்லை. தொடுதிரை விரலின் மின்கடத்தும் தன்மையை வைத்து வேலை செய்கிறது, வறண்ட தோல் மோசமான கடத்தி. நான் நாலு சொற்களைப் பிரித்து வைத்துக்கொண்டேன்: தொடு, அமுக்கிப் பிடி, மேல தள்ளு, ரெண்டு தட்டு. குழந்தையை எழுப்புகிற மாதிரி தொடு, காலிங்பெல் மாதிரி அமுக்கிப் பிடி. இதற்கு ஒரு மதியம் ஆனது, அந்த ஒரு மதியம் பத்து மதியத்தை மிச்சப்படுத்தியது.

பட்டன்களுக்கு வருவோம். 1, 2, 3 மேல் வரிசையில் இருக்கிற இந்த அமைப்பு தானாக வந்ததில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பலவித அடுக்குகளை மனிதர்களை வைத்துச் சோதித்து, 1960ல் முடிவை வெளியிட்டு, 1963ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது பத்துப் பட்டன்தான், நட்சத்திரமும் ஹேஷும் 1968ல் சேர்ந்தன. (கால்குலேட்டரில் 7, 8, 9 மேலே இருக்கும். மளிகைக்கடை நடத்திய ஒரு அம்மா மட்டும் இன்னும் அந்தப் பழக்கத்தில் தடுமாறுகிறார்.) ஒரு பட்டனை எங்கே வைப்பது என்பதற்கு அத்தனை சோதனை. அதன்மேல் வருகிற தமிழ்ச் சொல்லை நாலு பெரியவர்களிடம் படித்துக் காட்டியிருந்தால் "தவறிய" திரைக்கு வந்தே இருக்காது.

5ஆம் பட்டனில் ஒரு சின்ன மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். பார்க்காமலேயே விரல் இடம் கண்டுபிடிக்கத்தான் அது. கண்புரை வந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி அந்தப் போனில் கிடையாது. என்னிடம் உள்ள ஆறு தாள்களில் ஒன்றில்கூட அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதே மாதிரி, ஒரு எண்ணை அமுக்கிப் பிடித்தால் குறிப்பிட்ட ஆளுக்குப் போகும் வசதி தாளில் கடைசிப் பக்கம், "கூடுதல் அம்சங்கள்" என்ற தலைப்பில் இருக்கிறது. நான் அதை இரண்டாம் வாரமே எடுத்துவிட்டேன். 2 பெரியவள், 3 சின்னவன், 4 தம்பி வீடு. பேர் தேட வேண்டாம், படிக்க வேண்டாம். பேரன் ஆங்கிலத்தில் சேமித்து வைத்த பெயர்ப் பட்டியல் அவர்களுக்குச் சுவரில் ஒட்டிய கோலம் மாதிரி. யாருடைய நம்பர் எந்த மூன்று எண்ணில் முடிகிறது என்று மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், எழுத்தை அல்ல.

மெசேஜ் விஷயம் இன்னும் சிக்கல். நூறு நாள் வேலைக் கூலி ஏறியதா இல்லையா என்பது எஸ்.எம்.எஸ்.ஸில் வருகிறது, ஆங்கிலத்தில். இவர்கள் அதை எடுத்துக்கொண்டு யாராவது பள்ளிக்கூடப் பிள்ளையிடம் போகிறார்கள், இல்லையென்றால் பஸ் ஏறி வங்கிக்கே. ஒரு நாள் கூலி போகும். ஏன் தமிழில் வரவில்லை என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. யூனிகோடு தமிழுக்குப் போனால் 70. அந்த 70ம் நம் கணக்கில் 70 இல்லை. "வைக்கப்பட்டது" நம் கண்ணுக்கு எட்டு எழுத்து, போனுக்கு 13 குறி, ஏனென்றால் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். ஒரு செய்தி இரண்டு மூன்றாக உடையும், அனுப்புகிறவருக்குச் செலவு கூடும். காரணம் புரிகிறது. ஆனால் "கூலி ரூ. 1500 ஏறியது" என்று எழுத 70 தாராளம். நீளமான சம்பிரதாய வாசகத்தை அப்படியே மொழிபெயர்க்க நினைத்தால்தான் இடம் பத்தாது.

2016ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 16333 (பகுதி 3) என்ற தரத்தைக் கொண்டுவந்தது. இங்கே விற்கிற போன்கள் 22 அட்டவணை மொழிகளிலும் வரும் செய்தியைக் காட்ட வேண்டும், ஆங்கிலம், இந்தி, கூடவே ஏதாவது ஒரு இந்திய மொழியில் எழுத வசதி தர வேண்டும். நல்ல காரியம். அதனால்தான் இன்று மலிவு போனிலும் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியாமல் தமிழாகவே தெரிகிறது. ஆனால் எழுத்து தெரிவதற்கும் விஷயம் புரிவதற்கும் நடுவில் உள்ள தூரத்தை ஒரு தரம் அளக்க முடியாது.

சரி, பயிற்சி வகுப்புகள்? 2017ல் மத்திய அரசு கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆறு கோடி குடும்பங்கள் இலக்கு, வீட்டுக்கு ஒருவர், 20 மணி நேரம் பாடம். 2024 மார்ச்சோடு முடிந்தது. சேருவதற்கான வயது 14 முதல் 60 வரை. இந்த 60 என்ற எண்ணைத்தான் என்னால் தாண்டிப்போக முடியவில்லை. வீட்டுக்கு ஒருவர் என்றாலே கல்லூரிக்குப் போகிற பையன் பேர்தான் எழுதப்படும். அதற்கு மேல் வயது வரம்பும் வைத்தால், போன் தெரியாததால் மிக அதிகமாக இழக்கிறவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். தனியாக இருக்கிறவர்கள், ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், நடு ராத்திரி நெஞ்சு வலித்தால் கூப்பிட ஆள் இல்லாதவர்கள்.

மிச்சம் இருப்பது பேரப்பிள்ளைகள். அன்பான ஆசிரியர்கள், ஆனால் ஆசிரியர்களில் மோசமானவர்களும் அவர்களே. "குடுங்க அப்பாயி, நான் பண்றேன்" என்று பிடுங்கி, மூன்று செகண்டில் முடித்து, திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வேலை முடிந்தது, பாடம் நடக்கவில்லை. மண்டபத்தில் எனக்கு நான் போட்டுக்கொண்ட ஒரே சட்டம், அவர்கள் போனைத் தொடக்கூடாது என்பது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உங்கள் வீட்டில் ஒரு தடவை முயற்சி செய்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு அம்மாச்சி குளியலறையில் வழுக்கி விழுந்தார். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பேரன் பத்திரமாக இருக்கட்டும் என்று பேட்டர்ன் பூட்டு போட்டு வைத்திருந்தான், அது அவருக்கு வரையத் தெரியாது. விடிந்து பால்காரர் வந்துதான் கதவை உடைத்தார்கள். பூட்டிய திரையிலேயே கீழே "அவசர அழைப்பு" என்று ஒரு சொல் இருக்கிறது, அதைத் தொட்டு 112ஐ அழைக்கலாம். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பட்டன் போனுக்கும் ஒரு விதி உண்டு. 2016ல் அறிவித்தது, 2017 முதல் விற்கும் சாதாரணப் போன்களில் 5 அல்லது 9ஐ அமுக்கிப் பிடித்தால் அவசர அழைப்பு போக வேண்டும். இது பெண்களின் பாதுகாப்புக்காக வந்த விதி. மண்டபத்தில் ஒன்பது பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியாது. அதிலிருந்து 5க்கும் 9க்கும் சொந்தக்காரர் நம்பர் வைப்பதை நிறுத்திவிட்டு, அவரவர் போனில் எது வேலை செய்கிறது என்று பார்த்து எழுதி, பின்பக்கம் ஒட்டிக்கொடுத்தேன். அம்மாச்சி இப்போது நடக்கிறார், கம்பு ஊன்றி. போனைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். பேட்டர்ன் எடுத்தாகிவிட்டது.

இப்போது நடத்திக்கொண்டிருக்கிற பாடம் "வை". ஆம், முழுப் பாடமே அதுதான். வங்கியிலிருந்து பேசுகிறேன், கார்டு முடங்கிவிடும், வந்த நம்பரைச் சொல்லுங்கள் என்று வருகிற அழைப்புக்கு எதிராக இவர்களிடம் இருக்கிற ஒரே ஆயுதம் சிவப்புப் பட்டன். ஆனால் எதிராளி "வைக்கிறேன்"னு சொல்லாமல் வைப்பது மரியாதை இல்லை என்பது அவர்கள் வளர்ந்த விதம். அதனால் நாங்கள் நடித்துப் பழகுகிறோம். நான் வெளியே போய் வங்கி மேனேஜராகக் கூப்பிடுவேன். அவர்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வைக்க வேண்டும். முதல் வாரம் ஒன்பது பேரில் ஏழு பேர் "சாப்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார்கள்.

போன சனிக்கிழமை ஒருவருக்கு நிஜமாகவே அப்படி ஒரு அழைப்பு வந்தது. வைத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பணம் போயிருந்தால் உடனே 1930க்குக் கூப்பிட வேண்டும் என்று அதையும் எல்லோரிடமும் இன்னொரு முறை சொன்னேன். அவர் முகம் மட்டும் தெளியவில்லை. கூட்டம் கலைந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாவம், பேசிக்கிட்டு இருக்கும்போதே வச்சிட்டேன் தம்பி, திருப்பிப் போட்டு தப்பா நெனச்சுக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?" என்றார். அந்த எண்ணைத் தடுத்துவைப்பது எப்படி என்று கையைக் கட்டிக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன். மூன்று மெனுவுக்கு உள்ளே இருந்தது. கண்டுபிடிக்க இருபது நிமிஷம் ஆனது.